புரையேறினா யாரோ நினைக்கிறாங்க; ஏறலைன்னா?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினா நம்ம வீடுகளில் என்ன செய்வோம்? உச்சந்தலையில ரெண்டு தட்டு தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். மதுரைக்குப் பக்கத்துல எங்க வீட்டிலும் அப்படித்தான். அப்பாவுக்குப் புரையேறினா அம்மா தலையில தட்டிக்கிட்டே, "சின்னவதான் நினைக்கிறா" என்று சொல்லும். சின்னவ என்றால் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வீட்டுக்குத் திரும்பியபோது, முதல் ரெண்டு வாரம் சாப்பிடும்போது இருமினார். அப்புறம் இருமல் நின்னுபோச்சு. ரசஞ்சோத்தைக் கரைச்சு நான்தான் ஊட்டுவேன். ஒருநாள் கூடப் புரையேறலை. "அப்பா தேறிட்டாரு" என்று தங்கச்சிக்கு போன் பண்ணிச் சொன்னேன். அடுத்த நாலு மாசத்துல ரெண்டு தடவை நிமோனியா வந்தது. ரெண்டாவது தடவை அவர் வீட்டுக்குத் திரும்பலை.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்ற பேச்சு வேண்டாம். யாரையும் குத்தம் சொல்ல இந்த எபிசோட் இல்லை. காரியம் எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு டாக்டர் நண்பர் என்னிடம் மெதுவா ஒண்ணு சொன்னார்: "இருமல் நின்னது தேறினதால இல்லாம இருக்கலாம்ப்பா. தொண்டைக்கு உணர்ச்சி குறைஞ்சு போயிருக்கலாம்." அன்றைக்கிருந்து எனக்கு ஒரே கேள்வி. இது மருத்துவத்துக்கு எப்போது தெரிந்தது? யார் கண்டுபிடித்தார்கள்? தெரிந்த விஷயம் எங்க வீட்டு வாசல் வரைக்கும் ஏன் வரலை? இன்றைக்கு நாம் பார்க்கப்போகும் வரலாறு அதுதான்: மனிதன் விழுங்குவதை மருத்துவம் எப்படிக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டது என்ற கதை.

ஒரே முக்கு, ரெண்டு பாதை

முதலில் உங்க தொண்டையில விரலை வைச்சு எச்சிலை விழுங்குங்க. முன்னால ஒரு மேடு மேலே ஏறி இறங்குது இல்லையா? அதுதான் குரல்வளை. மூச்சு போகும் பாதையும் சோறு போகும் பாதையும் தொண்டையில் ஒரே முக்கில் சந்திக்கின்றன. விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே ஏறி, முன்னால் நகர்ந்து, அதன் மூடி கவிழ்ந்து, குரல் நாண்கள் இறுகி, மூச்சு ஒரு கணம் நின்று, கவளம் பின்பக்கமா உணவுக்குழாய்க்குள் போகிறது. ஏறத்தாழ முப்பது ஜோடித் தசைகள் சேர்ந்து செய்யும் வேலை இது. தொண்டையைக் கவளம் கடக்க ஒரு நொடிதான் ஆகும். ரயில்வே கேட் மாதிரி நினைச்சுக்கோங்க. கேட் சாத்த அரை நொடி தாமதமானா, சோறோ தண்ணியோ நுரையீரல் பக்கம் இறங்கிடும். அப்போ உடம்பு செய்யும் காவல் வேலைதான் இருமல். புரையேறுவது என்பது காவல்காரன் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

விழுங்குவதை வாய், தொண்டை, உணவுக்குழாய் என்று மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் உடலியலாளர் பிரான்சுவா மஜாந்தி ஆரம்பித்து வைத்தார். ஆனா வைத்தியர்களின் கவனம் ரொம்ப நாள் மூன்றாவது கட்டத்தில்தான் இருந்தது. விழுங்க முடியலையா, குழாயில் எங்கேயோ அடைப்பு. அடைப்பை எடு. இதுதான் பழைய சிந்தனை.

1674-இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதர் சாப்பிடுவதெல்லாம் உணவுக்குழாயின் அடியில் நின்று திரும்பி வந்துவிடும். வில்லிஸ் திமிங்கல எலும்பில் ஒரு குச்சி செய்து, நுனியில் பஞ்சு கட்டி, அதால் உணவைக் கீழே தள்ளச் சொன்னார். அந்த மனிதர் பல வருஷம் ஒவ்வொரு வேளையும் அப்படித் தள்ளித்தான் உயிர் வாழ்ந்தார். இன்றைக்கு அந்த நோய்க்கு அக்கலேசியா என்று பேர். உணவுக்குழாயின் அடிவாசல் தளராமல் இறுகியே இருப்பது. 1913-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தத் தசையை வெட்டித் தளர்த்தினார். 2008-இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே வயிற்றைக் கிழிக்காமல் வாய் வழியா எண்டோஸ்கோப்பியாலேயே அதைச் செய்து காட்டினார்.

இதுக்கு நடுவில் 1868-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்ற டாக்டர், உயிரோடு இருக்கும் மனிதனின் உணவுக்குழாய்க்குள் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். வளையாத உலோகக் குழாயை யார் விழுங்குவது? வாள் விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைக் கூப்பிட்டார். நம்ம சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வித்தை காட்டுகிற ஆள் மாதிரி ஒருத்தர்தான் எண்டோஸ்கோப்பி வரலாற்றின் வாசலில் நிற்கிறார்.

பட்டனை விழுங்கிய நாய்

1895 கடைசியில் எக்ஸ்ரே வந்தது. மறு வருஷம், 1896 டிசம்பரில், ஹார்வர்டு மருத்துவ மாணவர் வால்டர் கேனன் ஒரு நாயை முத்துப் பட்டன் ஒன்றை விழுங்க வைத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே திரையில் பார்த்தார். பிறகு ஒரு வாத்துக்குப் பிஸ்மத் உப்பு கலந்த தீனி கொடுத்தார். நீளமான கழுத்து, அதில் கறுப்பா இறங்குகிற தீனி, எல்லாரும் பார்க்கலாம். விழுங்குவது ஓடும் காட்சியாகத் தெரிந்தது அப்போதுதான். பிஸ்மத்துக்குப் பதிலாகப் பேரியம் வந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. பிற்பாடு நம் ஊர்களிலும் "பேரியம் குடிச்சுப் படம் எடுத்தாங்க" என்பது சகஜமான பேச்சாகிவிட்டது.

ஆனா ஒரு சிக்கல். டம்ளர் நிறையப் பேரியம் குடிக்க வைத்துப் படம் எடுத்தால் உணவுக்குழாயில் கட்டி, சுருக்கம் இருந்தால் தெரியும். தொண்டையில் நடப்பது ஒரு நொடி விவகாரம். நின்ற படத்தில் அது சிக்காது. பக்கவாத நோயாளிக்குப் படம் எடுத்து, "குழாய் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனா அவருக்குக் கோளாறு குழாயில் இல்லையே, கேட்டில்தானே.

பேச்சைக் கேட்டோம், தொண்டையைக் கேட்கலை

இந்த இடத்துல நம்ம ஊர் நினைவு ஒண்ணு. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் வந்தது. அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் தேர்தல். அவர் போட்டியிட்டது ஆண்டிபட்டியில். அது அப்போ மதுரை மாவட்டம். ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் வீடியோவை ஊர் ஊராகக் காட்டினார்கள். ஒரு தடவைகூடப் பிரச்சாரத்துக்கு வராமலே ஜெயித்தார். திரும்பி வந்தபோது சனங்க எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி: பேசுறாரா?

நமக்குப் பக்கவாதம் என்றால் கை, கால், பேச்சு. இந்த மூணுதான் கண்ணுக்குத் தெரியும். விழுங்குவதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. எங்க அப்பாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களும் "பேச்சு வருதா மாமா?" என்றுதான் கேட்டார்கள். "ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிப் போங்க" என்று சொன்னபோது, நானும் "அவருக்குத்தான் பேச்சு ஓரளவு வருதே, எதுக்கு?" என்று விட்டுட்டேன். அந்த நிபுணர்கள் விழுங்கலையும் பார்ப்பவர்கள் என்பது எனக்குத் தெரியாது. மைசூரில் பேச்சு, கேட்பு நிறுவனம் 1965-இலேயே தொடங்கிவிட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் படிப்பின் பேரில் இருக்கிற "பேச்சு" என்ற சொல் நம்மைத் தப்பான பக்கம் திருப்பிவிடுகிறது.

பேச்சுத் துறையிலிருந்து ஒருத்தர் தொண்டைக்குள் எட்டிப் பார்த்ததால்தான் இந்த வரலாறே திரும்பியது. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜெரி லோகமன். நாக்கு, தொண்டை அசைவுகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். எழுபதுகளில் அவர் பேரியம் பரிசோதனையை மாற்றி அமைத்தார். டம்ளர் வேண்டாம், ஒரு ஸ்பூனில் துளி. முதலில் தண்ணி பதம், பிறகு கூழ் பதம், கடைசியில் பேரியம் தடவின ஒரு துண்டு பிஸ்கட். எல்லாத்தையும் வீடியோவில் பிடித்து, ஒவ்வொரு பிம்பமாக நிறுத்திப் பார்ப்பது. எங்கே தவறுது என்று மட்டும் பார்க்காமல், எப்படி உட்கார்ந்தால், தலையை எப்படி வைத்தால் தவறாமல் இருக்கும் என்பதையும் அங்கேயே சோதித்தார். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கினால் பலருக்குப் பாதுகாப்பு கூடியது. 1983-இல் அவர் எழுதின புத்தகம் இந்தத் துறைக்கே அடிப்படைப் பாடமாகிவிட்டது.

தாடையைத் தாழ்த்துவது என்றதும் எனக்கு வேறொண்ணு ஞாபகம் வந்தது. சொம்பை உதட்டில் வைக்காமல், அண்ணாந்து தண்ணி ஊத்திக் குடிப்பதுதான் நம்ம பழக்கம். எச்சில் படாத நாகரிகம். அப்பா ஆயுசு முழுக்க அப்படித்தான் குடித்தார். பக்கவாதத்துக்குப் பிறகும் நான் சொம்பை உயர்த்திப் பிடிக்க, அவர் அண்ணாந்தே குடித்தார். தளர்ந்த தொண்டைக்கு அதைவிட மோசமான நிலை இல்லை. தண்ணி வேகமா பின்னால ஓடும், கேட் சாத்த நேரம் கிடைக்காது.

சத்தமில்லாமல் இறங்குவது

இனிதான் நான் தேடி வந்த இடம். வீடியோ எடுக்க ஆரம்பித்ததும் ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தார்கள். பேரியம் குரல் நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. நோயாளி சும்மா உட்கார்ந்திருக்கிறார். இருமல் இல்லை, செருமல் இல்லை, முகத்தில் மாற்றம் கூட இல்லை. மூளையோ நரம்போ பாதிக்கப்பட்டதில், உள்ளே ஏதோ இறங்குகிறது என்ற உணர்ச்சியே போயிருக்கிறது. எண்பதுகளில் இதைப் பற்றிய ஆய்வுகள் வரிசையாக வந்தன. 1988-இல் வந்த ஒன்றில், வீடியோவில் தவறி இறங்குவது தெரிந்த நோயாளிகளில் பாதிக்கும் குறைவானவர்களைத்தான் படுக்கையருகே சோதித்தவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. அனுபவமுள்ளவர்களே ஏமாந்த இடம் அது.

எங்க அப்பாவுக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது, அவருக்கு அந்தப் பரிசோதனை நடக்கவே இல்லை. ஆனா இருமல் நின்னதை வைத்து "தேறிட்டாரு" என்று சொன்னேனே, அந்த முடிவுக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் உறுதி. நான் அதைச் சொல்வதற்குப் பல வருஷம் முன்னாலேயே அது தெரிந்திருந்தது.

அதே 1988-இல் சூசன் லாங்மோரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இன்னொரு வழியைக் கொண்டுவந்தார்கள். மூக்கு வழியா மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டு, நோயாளி சாப்பிடும்போதே மேலிருந்து குரல்வளையைப் பார்ப்பது. எக்ஸ்ரே அறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். படுக்கையிலேயே பார்க்கலாம். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய வரம்.

மெட்ராஸ் பேர் வைத்த நோய்

இதெல்லாம் வெள்ளைக்காரங்க கதையாவே இருக்கே என்று தோணும். நம்ம பக்கத்துப் பங்கு ஒண்ணு இருக்கு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் பி. ராமமூர்த்தி. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் சேர்ந்து ஒரு ஆய்வறிக்கை எழுதினார்கள். இயக்க நரம்புகள் நசியும் நோய் பொதுவாக வயசானவர்களுக்கு வரும், சில வருஷத்தில் உயிரை வாங்கிவிடும். இவர்கள் சென்னையில் பார்த்த ஒரு கூட்டம் வேறு மாதிரி இருந்தது. இளம் வயசுக்காரர்கள். கை கால் மெலிவு, முகமும் தொண்டையும் பலவீனம், கூடவே காது மந்தம். ஆனா நோய் ரொம்ப மெதுவாக நகர்ந்தது. உலகம் அதை மெட்ராஸ் வகை இயக்க நரம்பு நோய் என்று அழைக்கிறது. பெங்களூரு நிமான்ஸில் கௌரி தேவி அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பிறகு நளினியின் குழு 1971 முதல் 2007 வரை அங்கே பார்த்த 116 பேரின் கதையைத் தொகுத்து வெளியிட்டது.

இதை ஏன் சொல்றேன்? இந்த நோயாளிகள் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். நரம்பு நோய்க்கு மருந்து இல்லை. ஆனா பல பத்தாண்டுகள் தினமும் மூணு வேளை விழுங்கணும். குணமாக்க முடியாத நோயிலும் விழுங்கலைப் பார்த்துக்கொள்வது என்பது தனி வைத்தியம். நோய் தீரலையே என்று அதை விட்டுவிட முடியாது.

ஒரு டம்ளர் தண்ணி

சரி, வீடியோ எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பும் எல்லா ஊரிலும் உண்டா? மதுரை பெரிய ஆஸ்பத்திரியை எடுத்துக்கோங்க. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், இப்போது அரசு இராஜாஜி மருத்துவமனை. 1954-இல் மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து சுற்றுப்பட்டு மாவட்டங்கள் எல்லாம் வந்து சேரும் இடம். அவ்வளவு கூட்டத்தில் ஒவ்வொருத்தருக்கும் வீடியோ எடுப்பது எந்த நாட்டிலும் நடக்கிற காரியம் இல்லை.

அதனால்தான் எளிய சோதனைகளைத் தேடினார்கள். 1992-இல் டிபிப்போவும் கூட இருந்தவர்களும் பக்கவாத நோயாளிகளிடம் ஒன்றைச் சோதித்தார்கள். சுமார் 90 மில்லி தண்ணி. நிறுத்தாமல் குடிக்கச் சொல்வது. குடிக்கும்போதோ அடுத்த ஒரு நிமிஷத்துக்குள்ளோ இருமினாலும், குரல் ஈரமாகக் கொழகொழத்தாலும் மேல் பரிசோதனைக்கு அனுப்புவது. நூத்துக்கு நூறு சரியான சோதனை இல்லை, சத்தமில்லாமல் இறங்குவது இதிலும் சில நேரம் தப்பிவிடும். ஆனா சோதிக்காமலே சோறு கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய சோதனை இது. கேட்டுட்டு வீட்டுல யாரும் பண்ணிப் பார்த்துடாதீங்க.

2011-இல் லான்செட் இதழில் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வந்தது. சாண்டி மிடில்டன் தலைமை. நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகள். சில இடங்களில் நர்சுகளுக்கு மூணே மூணு விஷயத்தில் பயிற்சி: காய்ச்சலைக் கட்டுப்படுத்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்து, சாப்பாடு தருவதற்கு முன்னால் விழுங்கலைச் சோதி. புது மருந்து கிடையாது, புது மெஷின் கிடையாது. 90 நாள் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் உதவி இல்லாமல் இருக்க முடியாதவர்களும் சேர்த்து, வழக்கமான கவனிப்பில் 58 சதவீதம். பயிற்சி கொடுத்த இடங்களில் 42 சதவீதம். மூணு விஷயமும் சேர்ந்த பலன் அது, விழுங்கல் சோதனைக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது. ஆனாலும் இந்த மொத்த வரலாற்றிலும் எனக்கு மிகப் பெரிய செய்தி இதுதான். பார்க்கும் கண் யாருடையது என்பதைவிட, யாராவது பார்க்கணும் என்பது விதியாக இருக்கிறதா என்பதே முக்கியம்.

"அப்போ வீட்டுக்காரங்களுக்கே சொல்லிக் கொடுத்துட்டா போதாதா?" என்று கேட்கலாம். நம்ம நாட்டில் அதையும் சோதித்தார்கள். லூதியானா சிஎம்சி-யின் ஜெயராஜ் துரை பாண்டியன் தலைமையில் 14 மருத்துவமனைகள், 1250 பக்கவாத நோயாளிகள். குடும்பத்தினருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2017-இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற குடும்பம், பெறாத குடும்பம், ரெண்டிலும் அதே 47 சதவீதம். அது பொதுவான மறுவாழ்வு பற்றியது, விழுங்கலுக்கானது மட்டும் இல்லை. ஆனாலும் அன்பும் ஒரு பயிற்சி வகுப்பும் நிபுணருக்கு மாற்றாகிவிடாது என்று அது சொல்கிறது. வீட்டில் தனியாக ஊட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, இது நம் அன்பில் குறை இல்லை என்றும் அது சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

கூழும் சிரிஞ்சும்

விழுங்கல் தவறுகிறவருக்கு என்ன கொடுப்பது? தண்ணியைக் கெட்டியாக்கிக் கொடு என்பது பல பத்தாண்டு வழக்கம். கெட்டியானது மெதுவாக நகரும், கேட் சாத்த நேரம் கிடைக்கும். 2008-இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. பார்க்கின்சன், மறதி நோய் உள்ள 711 பேருக்கு வீடியோ எடுத்தார்கள். அந்த நேரத்துக்கு, தேன் பதத்தில் கெட்டியாக்கியதுதான் தாடையைத் தாழ்த்துவதைவிட அதிகமாகத் தடுத்தது. ஆனா 515 பேரை மூணு மாசம் தொடர்ந்து பார்த்தபோது நிமோனியா வருவதில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. கெட்டித் திரவம் குடித்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் வற்றியது, தாடை தாழ்த்தியவர்களில் 2 சதவீதம். பிடிக்காததால் அவர்கள் குறைவாகக் குடித்திருக்கலாம். அப்போ கெட்டியாக்குவது எல்லாருக்கும் பொதுவான மருந்து இல்லை. ஆளைப் பார்த்து, தண்ணி போதுமான அளவு போகிறதா என்று பார்த்துச் செய்யவேண்டியது.

எவ்வளவு கெட்டி என்பதற்கும் ஊருக்கு ஊர் ஒரு பேர் இருந்தது. 2013-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வேலையைத் தொடங்கி, பிற்பாடு தண்ணியிலிருந்து சாதாரணச் சாப்பாடு வரை 0 முதல் 7 என்று எட்டு நிலை வகுத்தார்கள். அளக்கும் கருவி என்ன தெரியுமா? 10 மில்லி சிரிஞ்ச். நுனியை விரலால் அடைச்சு, 10 மில்லி நிரப்பி, விரலை எடுத்து 10 நொடி ஓடவிடணும். மிச்சம் 1 மில்லிக்கும் கீழே என்றால் தண்ணி பதம். 4 முதல் 8 வரை மிஞ்சினால் ரெண்டாம் நிலை. 8-க்கு மேலே மூணாம் நிலை. ஒழுகவே இல்லை என்றால் நாலோ அதற்கு மேலோ. சிரிஞ்சின் நீளமும் சரியா இருக்கணும்; 0-விலிருந்து 10 வரை 61.5 மில்லிமீட்டர்.

நான் எங்க வீட்டு அடுக்களையில் அதை வைத்து விளையாடிப் பார்த்திருக்கிறேன். நீராகாரம் மடமடவென்று இறங்கிவிடும். அம்மா காய்ச்சும் கேப்பைக்கூழ் சூட்டில் ஒரு மாதிரி, ஆறினால் வேறு மாதிரி. எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் மாவுப் பொருள் எல்லாம் கொஞ்ச நேரத்தில் நீர்த்துவிடும், எச்சிலில் இருக்கும் நொதி மாவைக் கரைத்துவிடுவதால்.

இதில் எனக்கு ரொம்ப உறைத்த விஷயம் வேறு. ஒரே வாயில் திரவமும் திடமும் சேர்ந்து வருவதுதான் பலவீனமான தொண்டைக்கு மிகக் கஷ்டம். பருக்கையை வாயில் மெல்லும்போதே தண்ணி முந்திக்கொண்டு ஓடிவிடும். நாம் நோயாளிக்குத் தருவது என்ன? ரசஞ்சோறு. பருக்கை மிதக்கும் கஞ்சி. பாலில் நனைச்ச ரொட்டி. அப்பாவுக்குப் பிடிக்குமே என்று ஒருநாள் விளக்குத்தூண் பக்கத்திலிருந்து ஜிகர்தண்டா வாங்கி வந்தேன். பால், பாதாம் பிசின், உருகுகிற ஐஸ்கிரீம், மூணு பதமும் ஒரே ஸ்பூனில். அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். அந்தச் சந்தோஷத்தை நான் இப்போதும் தப்பென்று சொல்ல மாட்டேன். தெரிந்து செய்திருக்கலாம், அவ்வளவுதான்.

மூக்கு டியூப் என்றால் நம்மில் பலருக்கும் பயம். "ரைல்ஸ் டியூப் போட்டாச்சா, அப்போ அவ்வளவுதான்" என்று வார்டு வராந்தாவில் பேசிக்கொள்வோம். 2005-இல் மார்ட்டின் டென்னிஸ் தலைமையில் வந்த பன்னாட்டு ஆய்வில், பக்கவாதத்துக்குப் பின் சீக்கிரமே டியூப் வழியாக உணவு கொடுத்தால் இறப்பு குறையலாம் என்ற சாயல் தெரிந்தது, அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்கு இல்லை. வயிற்றில் துளையிட்டு வைக்கும் பெக் டியூப், 1979-இல் கிளீவ்லாந்தில் ஒரு கைக்குழந்தைக்காக முதலில் செய்யப்பட்டது. நெடுநாள் தேவைக்கு அது நல்லது. ஆனா பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில் மூக்கு டியூப்பே மேல் என்றுதான் அந்த ஆய்வு காட்டியது. பல பேருக்கு மூக்கு டியூப் முடிவு இல்லை. தொண்டை தேறும்வரை ஒரு பாலம்.

ஊட்டும் கை

கடைசியா ஒரு ஆய்வு. எண்டோஸ்கோப்பைக் கொண்டுவந்த அதே லாங்மோர், 1998-இல் வயசான 189 பேரைத் தொடர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டார். விழுங்கல் கோளாறு இருந்தாலே நிமோனியா வந்துவிடுமா? விடை: அது மட்டும் போதாது. தானாகச் சாப்பிட முடியாமல் பிறர் ஊட்டவேண்டிய நிலை, வாயைச் சுத்தம் செய்யவும் பிறர் வேண்டிய நிலை, சொத்தைப் பல். இவைதான் முன்னுக்கு வந்தன. இறங்குவது சுத்தமான தண்ணியா, அழுக்கு வாயின் கிருமியா என்பதில் இருக்கிறது பாதி விஷயம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 417 பேரை ரெண்டு வருஷம் பார்த்தார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு பராமரிப்பாளர் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா. வழக்கம்போல விட்டவர்களில் 19 சதவீதம். 2002-இல் வெளிவந்தது அது. கருவி ஒரு பல் துலக்கும் பிரஷ்.

பிறர் ஊட்டுவது என்பதைப் படித்தபோது நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்னேன். ஏனென்றால் அந்தப் பிறர் நான்தான். காலையில வேலைக்குப் போற அவசரம். ஒரு வாய் இறங்குவதற்கு முன்னால அடுத்த வாய். பாதி சாய்ந்த கட்டில். சாப்பிட்ட கையோடு படுக்க வைத்துவிடுவேன். தானாகச் சாப்பிடுகிறவருக்குக் கை, வாய், மூச்சு மூணும் ஒரே தாளத்தில் போகும். ஊட்டும்போது தாளம் ஊட்டுகிறவர் கையில் இருக்கு. அவர் வேகம் என் பஸ் நேரத்தால் தீர்மானமாச்சு.

இது என்னைக் குத்திக்கொள்வதற்காக இல்லை. அப்பாவுக்கு வந்த நோய் பெரிசு. எல்லாம் சரியாச் செய்திருந்தாலும் இதே முடிவு வந்திருக்கலாம். ஆனா வில்லிஸின் திமிங்கல எலும்பிலிருந்து 10 மில்லி சிரிஞ்ச் வரைக்கும் முன்னூத்திச் சொச்சம் வருஷம் போயிருக்கு, அதில் கற்ற பாடம் ரொம்பச் சின்னது. ஒருத்தர் விழுங்கும்போது கூட இருந்து பார். இருமலை மட்டும் நம்பாதே. உட்கார வை. மெதுவா.

இப்போ அம்மாவுக்கு எழுபத்தெட்டு. போன வருஷம் லேசா ஒரு பக்கவாதம் வந்துபோச்சு. டிஸ்சார்ஜ் ஆகும்போது நானே கேட்டேன்: "சிஸ்டர், விழுங்குறதைச் சோதிச்சீங்களா?" அவங்க நிமிர்ந்து பார்த்துட்டு, "பண்ணலாம் தம்பி, டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றார். சோதிச்சாங்க. நல்லபடியா இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மா தானே சாப்பிடுது. நேற்று ராத்திரி இட்லி சாப்பிடும்போது ஒரு தடவை இருமினது. என் தங்கச்சி அங்கே இருந்தாள். தலையில தட்டப் போன அவளை அம்மா தடுத்துட்டு, "யாரும் நினைக்கலை, மிளகாப்பொடி" என்று சொன்னது. மூணு பேரும் சிரிச்சோம்.

உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பக்கவாதம் வந்தவர் இருந்தால், டாக்டரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. அடிக்கடி சளிக் காய்ச்சல் வந்தாலோ, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கேட்டாலோ, உடம்பு இளைச்சுக்கிட்டே போனாலோ, இருமல் இல்லாவிட்டாலும் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.